தானாகப் பின்னால் வரும் மீன்பாடி வண்டி: செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

ஓட்டுநர் இல்லாத வண்டி என்றாலே எல்லோருக்கும் கார்தான் ஞாபகம் வருகிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கூட்டத்துக்குள் ஒரு கார் தானாக நுழைந்து தானாக வெளியே வரும் காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு ரொம்ப முன்னாடியே வடசென்னையில் உருப்படியாக வேலை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: நடக்கிற வேகத்தில், சொந்தக்காரர் பின்னாலேயே பாரத்தைச் சுமந்துகொண்டு வரும் எலக்ட்ரிக் மீன்பாடி வண்டி, அதாவது முன்னால் பாரப் பலகை வைத்த மூன்று சக்கர வண்டி. ரோட்டில் இல்லை, மதில் சுவருக்கு உள்ளே. குடோன், மீன் ஏலம் நடக்கிற இடம், கல்லூரி வளாகம், இப்படி. ஒரு பாலிடெக்னிக் பசங்க கூட்டமும் ஒரு வெல்டிங் பட்டறையும் சேர்ந்தால் இதைச் செய்துவிடலாம். எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டு சக்கரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்

பார்க்க பைக்தான் கெத்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சக்கர வண்டிக்கு விழாமல் நிற்பதே ஒரு தனி வேலை. இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டிலையும் இடது பக்கமே திருப்ப வேண்டும், அப்போதுதான் சாய்கிற உடம்புக்கு அடியில் சக்கரங்கள் வந்து சேரும். நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம். கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடிக்கும் பல தடவை கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். வேகம் குறையக் குறைய கஷ்டம் கூடும், நின்றுவிட்டால் கதை முடிந்தது.

2004-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. ஆண்டனி லெவண்டோவ்ஸ்கியின் குழு அதற்கு ‘கோஸ்ட்ரைடர்’ என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனது. தொடங்கிய இடத்திலேயே விழுந்தது, ஏனென்றால் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கிற அமைப்பை ஆன் செய்ய மறந்துவிட்டார்கள். (அந்த வண்டி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அது வேறு விஷயம்.) அப்புறம் 2017-ல் ஹோண்டா, நின்ற இடத்திலேயே சாயாமல் நிற்கும் பைக்கைக் காட்டியது, 2018-ல் பிஎம்டபிள்யூ ஆளில்லாமல் ஓடும் பைக்கைக் காட்டியது. நம் ஊரில் 2024 ஏப்ரல் 1 அன்று ஓலா ‘சோலோ’ என்று தானாக ஓடும் ஸ்கூட்டர் வீடியோ விட்டபோது, தேதியைப் பார்த்துவிட்டுப் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் பெரிய கம்பெனியோ பெரிய ஆராய்ச்சிக் குழுவோ இருக்கிறது. எம்ஐடி மீடியா லேபில் செய்த தானியங்கி சைக்கிள் எனக்குப் பிடித்த யோசனை: ஆள் ஓட்டும்போது இரண்டு சக்கரம், தனியாகப் போகும்போது பின்சக்கரம் இரண்டாகப் பிரிந்து மூன்று சக்கரமாகிவிடும். அதாவது அவர்களே தனியாகப் போக மூன்று சக்கரத்துக்கு வந்துவிட்டார்கள்.

மூன்று சக்கரம் கரண்ட் போனாலும் விழாமல் நிற்கும், புரோகிராம் தொங்கினாலும் விழாமல் நிற்கும். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடங்கிய ரிஃப்ராக்‌ஷன் ஏஐ 2019-ல் சாப்பாடு கொண்டுபோக விட்ட ரோபோவுக்கு மூன்று சக்கரம்தான். 2025-ல் ஒமேகா செய்கி நிறுவனம் அறிவித்த ‘ஸ்வயம்கதி’யும் மூன்று சக்கரம்; விமான நிலையம், கேம்பஸ் மாதிரி இடங்களில் முன்கூட்டியே பதிந்த பாதையில் போகிற வண்டி, அப்போது சொன்ன விலை சுமார் 4 லட்சம். நமக்கோ வண்டி ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. முன்னால் பலகையும் இரண்டு சக்கரமும், பின்னால் ஒற்றைச் சக்கரமும் மிதிக்கிற ஆளும். மீன்பாடி வண்டியைவிடத் தோதான அடித்தளத்தைப் புதிதாக வரைந்து செய்தாலும் கொண்டுவர முடியாது: பலகை தாழ்வாக இருப்பதால் பாரம் ஏற்றுவது சுலபம், எந்தத் தெருமுனையிலும் ரிப்பேர் பார்க்கலாம்.

வேகத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், பிரேக் முடிவு செய்யட்டும்

பசங்க முதலில் மோட்டார் வாங்கப் போவார்கள். அதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். சென்சார் பார்த்து, கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு, பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும்வரை அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 25 கி.மீ. வேகத்தில் போனால் அந்த அரை நொடியிலேயே மூன்றரை மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு நல்ல காய்ந்த தரையில் ஓரளவு நல்ல பிரேக் என்றால் இன்னொரு 8 மீட்டர். மொத்தம் பதினொன்றரை மீட்டர். இதையே 5 கி.மீ. வேகத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 70 சென்டிமீட்டர், அப்புறம் 30 சென்டிமீட்டர், ஆக மொத்தம் ஒரு மீட்டர். காசிமேட்டில் ஏலம் நடக்கிற தரை மாதிரி ஐஸ் தண்ணியும் செதிலும் கிடக்கிற இடத்தில் பிடிப்பு பாதியாகிறது என்று வைத்தாலும் ஒன்றரை மீட்டருக்குள் நின்றுவிடும். சாதாரண அல்ட்ராசோனிக் சென்சார் பேப்பரில் 4 மீட்டர் பார்க்கும், நிஜத்தில் 2 மீட்டருக்கு மேல் அதை நம்ப வேண்டாம். எனவே வேகம் 5 கி.மீ.தான். கூட வேண்டுமென்றால் லேசரால் தூரம் அளக்கிற லைடார் வாங்க வேண்டும், பிரேக்கை மாற்ற வேண்டும், செலவு வேறு கணக்கு.

பிரேக்கில் ஒரே ஒரு விதி: கரண்ட் இருந்தால் விட வேண்டும், கரண்ட் போனால் பிடிக்க வேண்டும். லிஃப்ட்டில் இருப்பது இந்த ஏற்பாடுதான், எலக்ட்ரிக் வீல்சேர் மோட்டார்களிலும் இப்படித்தான் வரும். பட்டறையில் செய்வதென்றால் நல்ல கெட்டியான ஸ்பிரிங் ஒன்று பிரேக் கேபிளை எப்போதும் இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை விடுவிக்கிற லிவரைக் கையால் அமுக்கிப் பிடித்துவிட்டால் ஒரு மின்காந்தம் அதை அப்படியே தாங்கட்டும். கரண்ட் போன நொடியில் மின்காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். ஆன்லைனில் கிடைக்கும் லீனியர் ஆக்சுவேட்டரை இந்த இடத்தில் மாட்டாதீர்கள். அதற்குள் இருப்பது திருகு, கரண்ட் போனால் இருந்த நிலையிலேயே இறுகி நின்றுவிடும், பிரேக் விட்டபடியே வண்டி போகும்.

அவசர நிறுத்தத்துக்குக் காளான் மாதிரி தலையுள்ள சிவப்பு பட்டன் இரண்டு, ஒன்று பலகையின் முன் விளிம்பில், ஒன்று சீட்டுக்குக் கீழே. பட்டன் நேராக கான்டாக்டரை (மெயின் கரண்டைச் சேர்க்கிற, பிரிக்கிற பெரிய சுவிட்ச்) வெட்ட வேண்டும், மோட்டாருக்கும் மின்காந்தத்துக்கும் போகிற கரண்ட் இரண்டும் அதோடு போக வேண்டும். பட்டனை அமுக்கியதும் ராஸ்பெர்ரி பை-க்கு (வண்டியை ஓட்டுகிற கம்ப்யூட்டர்) தகவல் போய் அது நிறுத்தும் என்று யாராவது வயரிங் வரைந்தால், அந்தப் பேப்பரை வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அதோடு ஒரு சின்ன ஆர்டுயினோ கன்ட்ரோல் போர்டு தனியாக இருக்கட்டும். பெரிய கம்ப்யூட்டர் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 200 மில்லி நொடி வரவில்லையென்றால் ஆர்டுயினோ ரிலேயை விட்டுவிடும், கான்டாக்டரும் வெட்டிவிடும்.

மோட்டார், ஸ்டீயரிங், பேட்டரி

கடைக்காரர் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் மோட்டார்) கிட்தான் முதலில் காட்டுவார். சைக்கிளுக்கு அது அருமை, நம் வேலைக்கு ஆகாது. 26 இன்ச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். மணிக்கு 5 கி.மீ. என்றால் சக்கரம் நிமிஷத்துக்கு நாற்பது சுற்றுதான் சுற்றும். ஹப் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு சுற்றில் ஓடுவதற்குச் செய்தது, இந்த வேகத்தில் பாரத்தோடு இழுக்க வைத்தால் கரண்டெல்லாம் சூடாகத்தான் போகும். கியரோடு வருகிற 24 வோல்ட் 250 வாட் மோட்டாரை வாங்கி, பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் போட்டுச் செயினில் ஓட்டுங்கள். வண்டியும் பாரமும் சேர்த்து 250 கிலோ என்றால் சமதரையில் இந்த வேகத்துக்குச் சக்கரத்தில் 50 வாட்டுக்குக் கொஞ்சம் மேல் போதும், தரை மோசமென்றால் இரட்டிப்பு. 5 சதவீத ஏற்றத்தில் 220 வாட்டைத் தாண்டும், செயினிலும் கியரிலும் போவதையும் சேர்த்தால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். ஏற்றத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் புரோகிராமில் எழுதிவிடுங்கள். வியாசர்பாடி பாலம் ஏற்றலாமா என்று கேட்கிற பையனைக் கொஞ்சம் தள்ளியே உட்கார வையுங்கள்.

ஸ்டீயரிங்குக்குப் புதுப்பேட்டையில் பழைய காரின் வைப்பர் மோட்டார் கிடைக்கும். உள்ளே வார்ம் கியர், 12 வோல்ட், நல்ல இழுவை. 24 வோல்ட் பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டர் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், நேராகக் கொடுத்தால் புகைந்துவிடும். பல மீன்பாடி வண்டிகளில் பாரத்தோடு சேர்த்துப் பலகையே திரும்பும் என்பதால் இழுவை அவசியம். ஹேண்டில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று தெரிய அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். ஒரு விஷயம்: வார்ம் கியரை வெளியிலிருந்து திருப்ப முடியாது. கரண்ட் போன வண்டியை ஓரமாகத் தள்ள வேண்டி வரும்போது ஹேண்டில் அசையாது. கையால் உருவக்கூடிய ஒரு பின்னை நடுவில் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், பிரேக்கை விடுவிக்கவும் அதே மாதிரி ஒரு கை லிவர்.

பேட்டரிக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் எட்டு, வரிசையாக, 25.6 வோல்ட். 20 ஆம்பியர் ஹவர் என்றால் சுமார் 500 வாட் ஹவர். சராசரி 100 வாட் தின்றால் ஐந்து மணி நேரம், ஒரு காலை வேலைக்குத் தாராளம். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கிற போர்டு) இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவது நம் பக்கம் சகஜம், அதுவும் வேண்டாம். தீ பிடித்தால் வெளியே வர அந்தப் படி ஒன்றுதான் வழி.

கண்

வண்டி சொந்தக்காரரைப் பின்தொடர வேண்டும். ரொம்ப மலிவான வழி கேமராதான். ஆருகோ என்று கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட குறியீடு இருக்கிறது, பேப்பரில் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்து, முதுகில் மாட்டுகிற ஜாக்கெட்டில் தைத்துவிடலாம். ராஸ்பெர்ரி பை-யில் ஓப்பன்சிவி என்ற படம் பார்க்கிற புரோகிராம் போட்டால் கேமராவிலிருந்து அது எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று சொல்லிவிடும். பகலில் அற்புதம். விடிவதற்கு முன்னால், மஞ்சள் விளக்கில், நெரிசலில் சொதப்பும். மீன் வியாபாரமே அந்த நேரத்தில்தான் என்பதால் காசிமேட்டு வேலைக்கு, ரேடியோ அலையால் தூரம் அளக்கிற யூடபிள்யூபி சரி: இடுப்பில் ஒரு சின்ன டேக், பலகையின் இரண்டு முன் மூலைகளில் ஒவ்வொரு ரிசீவர், இரண்டு தூரங்களின் வித்தியாசத்திலிருந்து கோணம். தூரத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் பிசகு வரும். ரிசீவர்கள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அந்தப் பிசகு கோணத்தில் 13 டிகிரி அளவுக்குப் போகும், வண்டி குடித்தவன் மாதிரி ஆடும். முடிந்த அளவு அகலமாக வையுங்கள், அப்புறம் பத்துப் பதினைந்து அளவுகளைச் சராசரி எடுங்கள்.

புரோகிராம் பெரிசாக ஒன்றுமில்லை. ஆள் 2 மீட்டருக்குள் இருந்தால் நில். 2-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தால் பின்னால் போ, கிட்டே வர வர மெதுவாகு. 4-ஐத் தாண்டினாலோ அரை நொடி டேக் தெரியாமல் போனாலோ நில், பீப் அடி. தேடிக்கொண்டு போவது, ‘அந்தப் பக்கம்தான் போயிருப்பார்’ என்று யூகிப்பது, இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் சேர்க்காதீர்கள். பாகன் பின்னால் வரும் கோயில் யானை மாதிரி, ஆள் இல்லையென்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தடையைப் பார்க்க ஈரம் தாங்குகிற அல்ட்ராசோனிக் சென்சார் வாங்குங்கள், கார் பார்க்கிங்குக்கு வருகிற வகை. மீன் தண்ணி தெறிக்கும் இடத்தில் சாதாரண சென்சாரின் வலைமூடி சீக்கிரமே உப்புப் பூத்துவிடும். ஆனால் இந்த வகைக்கு முன்னால் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் குருட்டு இடம் உண்டு. அதற்குப் பலகையின் முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு பம்பர் பட்டை, அதன் பின்னால் மைக்ரோ சுவிட்ச், தொட்டால் கரண்ட் கட். சென்சாரை எதிரே சுவரை வைத்து மட்டும் பரிசோதித்துவிட்டு ‘சூப்பரா வேலை செய்யுது’ என்பார்கள். சுவர்தான் அதற்கு ரொம்பச் சுலபம். லுங்கி ஒலியை உறிஞ்சிவிடும். குவித்து வைத்த வலை கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. சாய்ந்து நிற்கும் தெர்மாகோல் பெட்டி ஒலியை வேறு பக்கம் திருப்பி அனுப்பிவிடும். தரையில் குந்தி மீன் பிரிக்கிற அம்மாவின் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் அதை உயரத்தில் வைத்திருந்தால். முழங்கால் உயரத்தில் மூன்று, கணுக்கால் உயரத்தில் இரண்டு வையுங்கள். இந்த நாலு சாமான்களையும் சோதனைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக முன்னால் வைத்துப் பாருங்கள், எதைப் பார்க்கவில்லை என்று எழுதி வையுங்கள். குந்தியிருப்பவருக்குப் பதில் அதே உயரத்தில் ஒரு சாக்கு மூட்டை போதும், ஆளை உட்கார வைக்காதீர்கள்.

எலக்ட்ரிக் வண்டி சத்தமே போடாது, முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. நகரும்போதெல்லாம் மெல்ல ஒரு ‘டிக் டிக்’ வரட்டும். சத்தமான ஹாரன் வேண்டாம், நம் பக்கத்தில் ஹாரனுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எங்கே ஓட்டிப் பார்ப்பது

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் நிச்சயமாக இல்லை. தெருவிலும் இல்லை. லீவு நாளில் பூட்டிக் கிடக்கும் குடோன் வளாகம், கல்லூரி மைதானம், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு. முதலில் பின்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டு போட்டு ஓட்டுங்கள். அப்புறம் காலி வண்டி, அப்புறம் மணல் மூட்டை. ஒருவர் கையில் ரேடியோ ரிமோட் எப்போதும் இருக்க வேண்டும், ரிமோட் சிக்னல் போனாலும் வண்டி நிற்க வேண்டும். கோஸ்ட்ரைடர் கதைக்காக: ஆன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி லேமினேட் செய்து ஹேண்டிலிலேயே தொங்கவிடுங்கள், ஒருவர் படிக்க இன்னொருவர் தொட்டுக் காட்டட்டும்.

பழக்கமான ஒரு வண்டிக்கார அண்ணனைக் கட்டாயம் கூப்பிடுங்கள். நான் பேசிய ஒருவர் முதலில் கேட்டது, “இன்னா தம்பி, வண்டி என்னைக் கழட்டி விட்டுட்டுத் தானா பொழச்சிக்குமா?” என்றுதான். “இல்லண்ணா, டேக் உங்க இடுப்புலதான் இருக்கும், நீங்க போற எடத்துக்குத்தான் வரும்” என்றேன். “அப்போ முட்டிவலிக்காரனுக்குச் செஞ்சு குடு மொதல்ல” என்றார். நியாயமான யோசனை. மிதிக்கவும் தள்ளவும் முடியாதவர் தொழிலை விடாமல் இருக்க இது உதவும் என்றால், அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை. யார் டேக் கட்டுகிறாரோ அவர் பெயரில்தான் வண்டி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டம். இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், 25 கி.மீ.க்குக் குறைவான வேகம் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. அந்தச் சலுகைக்கு அங்கீகரித்த பரிசோதனை நிலையத்தின் சான்றிதழ் வேண்டும், நம் பக்கத்தில் ஒரகடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. பட்டறையில் செய்தது தானாகவே அதற்குள் வந்துவிடாது. இ-ரிக்‌ஷா, இ-கார்ட் என்று 4,000 வாட் வரை தனி வகை இருக்கிறது, அதற்குப் பதிவும் லைசென்ஸும் உண்டு. மோட்டார் மாட்டிய மீன்பாடி வண்டியைப் போலீஸ் பிடிப்பது ஊருக்கே தெரிந்த கதை. ஓட்டுநரே இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் விட இங்கே வழி கிடையாது. வேலைவாய்ப்பு போய்விடும் என்று சொல்லி மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஆளில்லாத காரை ஏற்க மாட்டேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 2பி பிரிவு, புது ஆராய்ச்சிக்காகச் சில வாகனங்களுக்கு மத்திய அரசு விலக்கு தரலாம் என்கிறது, அது கல்லூரியோ கம்பெனியோ போய்க் கேட்க வேண்டியது. தனியார் வளாகத்துக்குள்ளும் யார் மீதாவது மோதினால் பொறுப்பு உங்களுடையதுதான்.

இது ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு அடுத்த கட்டம், காலி வண்டி தானாகத் திரும்பி வருவது. பாரத்தை வாசலில் இறக்கிவிட்டு ஆள் அங்கேயே வியாபாரத்தைப் பார்க்க, வண்டி அதே வளாகத்துக்குள் பதிந்த பாதையில் சார்ஜ் போடும் இடத்துக்குப் போய்விடும். விம்கோ நகர் மெட்ரோவில் இறங்குகிறவருக்குச் சைக்கிள் தானாக வந்து நிற்பது என்கிற கனவும் இந்த வழியில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் ரோடு வருகிறது, ரோடு வந்தால் சட்டம் வருகிறது. வளாகத்துக்குள் என்றால் பிக்ஸ்ஹாக் என்ற கன்ட்ரோல் போர்டில் ஆர்டுபைலட் ரோவர் என்ற புரோகிராம் போட்டாலே பாதை, வேலி, வேகம் எல்லாம் கிடைக்கும். சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தப்பும், வண்டி சாக்கடையில் இறங்க அது போதும். ஆர்டிகே ஜிபிஎஸ் வேண்டும்: ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பேஸ் ஆன்டெனா பிசகைத் திருத்தி அனுப்ப, அது சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். அதன் பேஸ் ஆன்டெனாவை மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குத் தள்ளி, வானம் முழுசாகத் தெரியும் இடத்தில் சிமென்ட் போட்டு நிரந்தரமாக நிறுத்துங்கள், துணி காயப்போடுகிற கம்பியில் கட்டாதீர்கள். கண்டெய்னர் அடுக்கி வைத்திருக்கும் வளாகம் என்றால் அந்த இரும்புச் சுவர்களில் பட்டு சிக்னல் திரும்பி வந்து குழப்பும், அங்கே ஜிபிஎஸ்ஸை மறந்துவிட்டுத் தரையில் பெயின்ட் கோடு போட்டுக் கேமராவை அதன்மேல் விடுங்கள்.